ஆட்டிசமும் ஃபிரஜைல் எக்ஸும்: பெயர் சொல்லிக் கேட்கவேண்டிய ஒரு சோதனை



இந்த உரைக்கு 'மரபணுவும் ஆட்டிசமும்' என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு மணி நேரத்தில் பேசப் புகுந்தால் வாயில் நுழையாத பெயர்களின் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையில், நுனிக்குச் சற்று உள்ளே இருக்கும் எஃப்எம்ஆர்1. அது வேலை செய்யாமல் போனால் வருவது ஃபிரஜைல் எக்ஸ். ஒற்றை மரபணுவால் வரும் காரணங்களில் ஆட்டிசத்தோடு அதிகமாகச் சேர்ந்து காணப்படுவது இதுதான். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையிலுள்ள பணத்தையெல்லாம் கொட்டிப் பல சோதனைகளைச் செய்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வருகிற குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன்.

1943-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கன்னர் 11 குழந்தைகளை விவரித்தார். பையன்கள் 8, பெண்கள் 3. ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். அதே ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் மருத்துவரும் ஜூலியா பெல்லும் ஒரே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வெளியிட்டார்கள். அதில் இரண்டு தலைமுறைகளில் 11 ஆண்களுக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு. அது தாய்வழியே இறங்கி வருகிறது என்பதுதான் அவர்கள் கண்ட செய்தி. ஜூலியா பெல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர்; பெண் என்பதால் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தரவில்லை. பிறகு மருத்துவமும் படித்தார். வாழ்நாள் முழுக்கக் குடும்பங்களின் வம்சாவளிகளை வரைந்துகொண்டிருந்தவர், 1979-இல் தம் நூறாவது வயதில் காலமானார்.

இந்த இரண்டு கட்டுரைகளும் ஒன்றையொன்று சந்திக்கக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1969-இல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் லப்ஸ், இதேபோன்ற ஒரு குடும்பத்து ஆண்களின் எக்ஸ் குரோமோசோமில் நுனிப் பகுதி ஒடிந்து தொங்குவதுபோல் இருப்பதைக் கண்டார். மற்றவர்கள் தேடியபோது அது கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் கிராண்ட் சதர்லாந்துக்கு இன்னும் விசித்திரமான அனுபவம். மெல்பர்னில் பணியாற்றியபோது நுண்ணோக்கியில் தெரிந்த அந்த ஒடிவு, அடிலெய்டுக்கு மாறிய பிறகு கண்ணில் படவே இல்லை. தேடித் தேடிக் கடைசியில் காரணத்தைப் பிடித்தார். செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல் இரண்டு ஊரிலும் வெவ்வேறாக இருந்தது. பழைய, சத்துக் குறைந்த கரைசலில் ஃபோலிக் அமிலம் குறைவு. அதில் வளர்த்த செல்களில் ஒடிவு தெரிந்தது. புதிய, செழிப்பான கரைசலில் மறைந்துபோனது. சோதனைக்கூடங்கள் நல்ல தீனி போடத் தொடங்கியதால்தான் நோய் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டது. 1977-இல் அவர் இதை வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுக்கத் தேடல் சூடுபிடித்தது. மார்ட்டினும் பெல்லும் எழுதிய அந்தக் குடும்பத்தையே 1981-இல் மறுபடி சோதித்தார்கள்; அங்கேயும் அதே ஒடிவு இருந்தது. மறு ஆண்டு, ஃபிரஜைல் எக்ஸுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டென்று டெட் பிரவுனும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். (அப்படியானால் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா என்று சிலருக்குத் தோன்றும். 1980-களில் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவான பயன் எதுவும் தெரியவில்லை. கண்ணாடிக் குடுவையில் நடப்பதெல்லாம் மூளையில் நடப்பதில்லை.)

1991-இல் மரபணுவே கையில் கிடைத்தது. எஃப்எம்ஆர்1-இன் தொடக்கத்தில் சி, ஜி, ஜி என்ற மூன்று வேதியெழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு 30 முறையை ஒட்டி. 44 வரை இயல்பு. 45 முதல் 54 வரை இடைநிலை. 55 முதல் 200 வரை இருந்தால் முன்திரிபு. 200-ஐத் தாண்டினால் முழுத்திரிபு. முழுத்திரிபில் செல்லே அந்த மரபணுவின் மேல் மெத்தில் குழுக்களை ஏற்றி அதைப் பூட்டிவிடுகிறது. எஃப்எம்ஆர்பி என்ற புரதம் உருவாவதில்லை. நரம்புச் செல்களின் இணைப்புகளில் மற்றப் புரதங்கள் நேரங்கெட்ட நேரத்தில் தயாராகிவிடாமல் அடக்கி வைப்பது அந்தப் புரதத்தின் வேலை. அது இல்லாதபோது இணைப்புகள் முதிர்வது தடைப்படுகிறது. 4000 முதல் 7000 ஆண்களில் ஒருவருக்கு முழுத்திரிபு இருக்கலாம் என்பது கணக்கு. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் துணைக்கு இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு.

பிள்ளையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா? நீண்ட முகம், எடுப்பான காது, எந்தப் பக்கமும் வளையும் விரல், தட்டைப் பாதம், பருவ வயதுக்குப் பிறகு அளவில் பெரிதாகும் விதைகள் என்று பாடநூல் சொல்லும். மூன்று வயதில் இவற்றில் பாதி இருக்காது. பருவ வயதுப் பையனைப் பார்த்து எழுதிய வர்ணனையை வைத்துக்கொண்டு மழலையிடம் தேடினால் ஏமாந்துபோவோம். எனக்கு அதிகம் உதவுவது நடத்தைதான். "டாக்டருக்கு வணக்கம் சொல்லுடா கண்ணா" என்கிறார் அம்மா. பையன் கை கூப்புகிறான். அதே நொடியில் முகமும் தோளும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகின்றன. நான் குனிந்து எழுதத் தொடங்கியதும் ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறான். நிமிர்ந்தால் மறுபடியும் சுவர். ஆள்காட்டி விரலின் அடியில், கடித்துக் கடித்துக் காய்ப்பேறிய ஒரு தடம். சொன்ன வாக்கியத்தையே வேகவேகமாகத் திரும்பச் சொல்கிறான். காதில் சீழ் வடிந்த கதை அம்மாவிடம் நிறைய இருக்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பழகுவதற்கு ஆசை இருக்கிறது. பதற்றம்தான் குறுக்கே நிற்கிறது.

இங்கே சிகிச்சையாளர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பயிற்சி அறைகளில் "என்னைப் பாரு, என் கண்ணைப் பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதைப் பார்க்கிறேன். எந்தக் குழந்தைக்கும் அது நல்லதில்லை. ஃபிரஜைல் எக்ஸ் பிள்ளைக்கு அது பதற்றத்தை ஏற்றி, அன்றைய வகுப்பையே கெடுத்துவிடும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். பார்வை தானாக வரும்போது வரட்டும்.

இப்போது அடிக்கடி குழப்பம் வரும் இடத்துக்கு வருகிறேன். "எங்க பையனுக்கு ஆட்டிசம்னு ஒரு டாக்டர் சொன்னார், இல்ல ஃபிரஜைல் எக்ஸ்னு இன்னொருத்தர் சொல்றார், எதுங்க சரி?" இரண்டும் சரியாக இருக்கலாம். இரத்தசோகை என்று சொல்வது ஒரு கண்டறிதல். அது கொக்கிப்புழுவால் வந்ததா, இரும்புச்சத்துக் குறைவால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. ஆட்டிசம் என்பது பேச்சு, பழக்கம், விளையாட்டு, புலனுணர்வு ஆகியவற்றை நேரில் பார்த்து, பெற்றோரிடம் கேட்டு, முடிவு செய்வது. இந்தியாவில் சான்றிதழுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். எந்த இரத்தப் பரிசோதனையும் ஆட்டிசம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லாது. ஃபிரஜைல் எக்ஸ் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் ஆட்டிசத்தின் வரையறை பொருந்துகிறது. திருப்பிப் பார்த்தால் எண் சுருங்கிவிடுகிறது: ஆட்டிசம் உள்ள நூறு பிள்ளைகளைச் சோதித்தால் ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஃபிரஜைல் எக்ஸ் அகப்படும்.

ஆகவே முழுத்திரிபு என்று அறிக்கை வந்துவிட்டால் ஆட்டிசம் என்ற கண்டறிதலை அழித்துவிடக் கூடாது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநலக் கண்டறிதல் கையேடே, ஆட்டிசம் என்று எழுதி, பக்கத்தில் தெரிந்த மரபணுக் காரணத்தையும் குறிக்கச் சொல்கிறது. நம் நாட்டில் இதற்கு நடைமுறைப் பொருளும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் இருக்கின்றன. ஃபிரஜைல் எக்ஸ் என்று தனி வகை கிடையாது. சலுகையும் பள்ளி உதவியும் நடத்தை சார்ந்த கண்டறிதலை நம்பியே இருக்கின்றன.

ஒன்றிரண்டு பேருக்குத்தான் கிடைக்கும் என்றால் எதற்காக எல்லோரையும் சோதிக்கவேண்டும்? நியாயமான கேள்வி. விடை, அறிக்கை எத்தனை பேருக்குப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. அதற்கு முன், கையில் இருக்கும் கோப்பைப் பார்த்துவிடுவோம்.

அப்பா ஒரு பெரிய பையிலிருந்து எடுத்து வைக்கிறார்: எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., குரோமோசோம் கேரியோடைப், எக்ஸோம். "ஜீன் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு சார், நார்மல்." எம்.ஆர்.ஐ.யும் இ.இ.ஜி.யும் வலிப்போ வேறு நரம்பியல் அறிகுறியோ இல்லாத பிள்ளைக்கு வழக்கமாகத் தேவைப்படாதவை. கேரியோடைப் பெரிய மாற்றங்களை மட்டுமே காட்டும். மைக்ரோஅரே சிறிய இழப்புகளையும் இரட்டிப்புகளையும் காட்டும். அது நல்ல சோதனை, முதல் வரிசையில் வைக்கத் தக்கது. எக்ஸோம் புரதம் உண்டாக்கும் பகுதிகளின் எழுத்துப்பிழைகளைத் தேடுகிறது. சி-ஜி-ஜி தொடர் இருப்பதோ அந்தப் பகுதிக்கு வெளியே. அதோடு, வழக்கமான இயந்திரம் டி.என்.ஏ.வை நூறு, நூற்றைம்பது எழுத்துகள் கொண்ட துண்டுகளாகத்தான் வாசிக்கும். அறுநூறுக்கு மேற்பட்ட எழுத்துகள் ஒரே அச்சாகத் தொடரும் இடத்தை அத்தகைய துண்டுகளை வைத்து எண்ண முடியாது. இவ்வளவும் நார்மல் என்று வந்த பிள்ளைக்கு ஃபிரஜைல் எக்ஸ் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எஃப்எம்ஆர்1-க்கென்றே உள்ள பி.சி.ஆர். சோதனை வேண்டும், தேவைப்பட்டால் மெத்திலேற்றம் பார்க்கும் சதர்ன் பிளாட். ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி இரத்தம் போதும், வெறும் வயிறு வேண்டாம். எக்ஸோமுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் மருத்துவ மரபியல் கல்லூரியும் மைக்ரோஅரேயோடு இதையும் சேர்த்தே பரிந்துரைத்திருக்கின்றன.

விலையில்லாத சோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். தலைச் சுற்றளவை அளக்கும் நாடா ஒன்று. அது மிகப் பெரிதாக இருந்தால் பி.டி.இ.என். மரபணுவை நினைக்கவேண்டும். சட்டையைக் கழற்றித் தோலைப் பாருங்கள். "அது தேமல் சார், பிறந்ததிலிருந்தே இருக்கு" என்று அம்மா தள்ளிவிடுவார். இலை வடிவில் வெளிறிய திட்டுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அதுவும் வலிப்பு வந்த பிள்ளையாக இருந்தால், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் இருக்கலாம். அங்கே காரணம் தெரிந்தால் எந்த வலிப்பு மருந்தை முதலில் தொடங்குவது என்பதே மாறிவிடும்.

இனி அந்த அறிக்கை. எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்கிறேன். மகன்: 200-க்கு மேல், மெத்திலேற்றம் முழுமை. தாய்: 29, 92. தாய்க்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் 29, இயல்பு. மற்றதில் 92, முன்திரிபு. பெண்ணிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும்போது இந்தத் தொடர் நீளும். 92 என்பது பெரும்பாலும் முழுத்திரிபாகவே விரியும் அளவு. ஒவ்வொரு கருவிலும் அந்த எக்ஸ் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணிடமிருந்து இறங்கும்போது அப்படி விரிவதில்லை. முன்திரிபு உள்ள ஆண் தன் மகள்கள் அத்தனை பேருக்கும் அதைத் தருகிறார், மகன்களில் ஒருவருக்கும் தருவதில்லை.

அந்த 92 தாய்க்கு அவருடைய அப்பாவிடமிருந்தே வந்ததாக வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 68 வயது. ஓய்வுபெற்றவர், அறிவாளி, ஊரில் மதிப்புள்ளவர். ஐந்தாறு வருடமாகக் கை நடுங்குகிறது, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், நடையில் தள்ளாட்டம். நரம்பியல் பிரிவில் பார்க்கின்சன் என்று மாத்திரை சாப்பிடுகிறார். பெரியம்மாவுக்கு 36 வயதில் தீட்டு நின்றுவிட்டது. குழந்தையின்மைக்காக மகப்பேறு மருத்துவரிடம் அலைகிறார். பேரன் குழந்தை மருத்துவப் பிரிவில் ஆட்டிசத்துக்காக வருகிறான். ஒரே குடும்பம், மூன்று பிரிவுகள், மூன்று கோப்புகள், காரணம் ஒன்று. முன்திரிபு உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. முன்திரிபு உள்ள ஆண்களில் கணிசமானோருக்கு ஐம்பதைத் தாண்டியபின் நடுக்கமும் தள்ளாட்டமும் வருகின்றன. இந்த நடுக்க நோயை 2001-இல் கலிபோர்னியாவின் ராண்டி ஹேகர்மேனும் பால் ஹேகர்மேனும் விவரித்தார்கள். அதற்கு வழிவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் தங்கள் அப்பாக்களைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள். ஆட்டிசம் பிள்ளையின் தாயிடம் "உங்க அப்பாவுக்குக் கை நடுங்குமா?" என்று கேட்பதற்குப் பைசா செலவில்லை.

இங்கேதான் பேசுவதற்குச் சங்கடமான பகுதி வருகிறது. "எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் இல்ல. எல்லாம் அவ பொறந்த வீட்டு வழி" என்பது நம் வீடுகளில் பழகிப்போன பேச்சு. பெரும்பாலான நேரம் அது பொய், கொடுமையும்கூட. ஃபிரஜைல் எக்ஸில் மட்டும் ஆய்வக அறிக்கை மாமியாரின் வாயில் ஒரு ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆட்டிசத்தின் வரலாற்றில் தாயைக் குற்றவாளியாக்கிய காலம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. தாயின் பாசம் உறைந்துபோனதால்தான் பிள்ளை இப்படியானது என்று 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் படித்தவர்களே எழுதினார்கள். 1977-இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து மரபின் பங்கைக் காட்டிய பிறகுதான் அந்தப் பழி தளரத் தொடங்கியது. ஒரு பழியிலிருந்து விடுவித்த மரபியலே இன்னொரு பழியைச் சுமத்தும்படி நாம் விடக் கூடாது.

அதனால் அறிக்கையை முதலில் தாயிடம், முடிந்தால் கணவரோடு சேர்த்து, மூடிய அறையில் சொல்கிறேன். வெளியே காத்திருக்கும் கூட்டத்துக்குச் சொல்வதில்லை. யாரும் தங்கள் எக்ஸைத் தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லை. "அவ வழி" என்று கைகாட்டும் அந்த வழியின் தலைமாட்டில், பல வீடுகளில், எல்லோரும் மதிக்கும் ஒரு தாத்தா இருக்கிறார் என்பதும் மறக்கக் கூடாதது.

"சொந்தத்துல கட்டினதால வந்துச்சா டாக்டர்?" என்ற கேள்வியும் தவறாமல் வரும். உறவுக்குள் திருமணம் வேறு பல மரபுநோய்களைக் கூட்டுகிறது. அதைப் பற்றி எச்சரிப்பதை நிறுத்தக் கூடாது. ஆனால் ஃபிரஜைல் எக்ஸுக்கு அது காரணமில்லை. இதற்குத் தாயின் ஒரு எக்ஸ் போதும். கணவர் மாமன் மகனோ, ஏழு கடல் தாண்டி வந்தவரோ, கணக்கு ஒன்றுதான்.

அறிக்கை கிடைத்தபின் தாய் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மகனைப் பற்றியதாக இருப்பதில்லை. "என் தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டிருக்காங்க. அவகிட்ட சொல்லணுமா?" என் பதில்: சொல்லவேண்டும், திருமணத்துக்கு முன்பே, நீங்களே. டாக்டர் சொல்லக் கூடாது, புகுந்த வீட்டார் சொல்லவே கூடாது. தங்கை சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அக்காவுக்கு முன்திரிபு அம்மாவிடமிருந்து வந்திருந்து, தங்கை சோதித்து 30, 31 என்று வந்தால் நிம்மதியாகக் கல்யாணம் செய்துகொள்வார். முன்திரிபு என்று வந்தால் எந்த வயதில் பிள்ளை பெறுவது, கருவைச் சோதிப்பதா என்றெல்லாம் யோசிக்க நேரம் கிடைக்கும். மூடி மறைத்தால் அந்த நேரம் பறிபோகிறது. முதல் பிள்ளைக்குக் காரணம் தெரிவதற்குள் இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்ட குடும்பங்களின் முகம் எனக்குத் தெரியும்.

கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், மரபுநோய்க்காகக் கருவைச் சோதிக்க இடம் தருகிறது. பால் சார்ந்த மரபுநோய்கள் அதில் வெளிப்படையாகவே உள்ளன. பதிவுபெற்ற மையங்களில் மட்டும். கருவின் பாலினத்தை வெளியிடுவதற்குத் தடை. ஃபிரஜைல் எக்ஸில் பாதிப்பின் அளவு ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தே மாறுகிறது என்பதால் ஆலோசகர் நிற்கும் இடம் இக்கட்டானது. அதற்காகச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லமாட்டேன். பெண் சிசுவுக்கு நம் நாடு செய்ததை மறந்துவிடவில்லை. கருவைத் தொடர்வதா என்பதில் டாக்டருக்கு வாக்கில்லை. ஆட்டிசத்தோடு வாழும் பெரியவர்கள் சிலர், இத்தகைய சோதனைகள் தங்களைப் போன்றவர்களைப் பிறக்கவிடாமல் செய்யத்தானே என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி இந்த அவையிலும் இருக்கட்டும்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. மரபணுவைத் திறந்துவிடும் மருந்து இன்று இல்லை. எலிகளிடம் அற்புதமாக வேலை செய்த மாவோகுளுரன்ட் மனிதர்களிடம் பலனளிக்காமல் 2014-இல் கைவிடப்பட்டது. பதற்றம், தூக்கம், கவனக்குறைவு, வலிப்பு, காது ஆகியவற்றுக்குத் தனித்தனியே வைத்தியம் உண்டு. அவை பிள்ளையின் நாளை நிச்சயம் இலகுவாக்கும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளில் ஆட்டிசத்துக்கு அத்தகைய சிகிச்சைக்கு அனுமதி கிடையாது.

இளம் மருத்துவர்களே, ஆட்டிசம் என்று முடிவு செய்த அன்றே சோதனைச் சீட்டில் "ஜீன் டெஸ்ட்" என்று பொதுவாக எழுதாமல், "எஃப்எம்ஆர்1, சி-ஜி-ஜி எண்ணிக்கை" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெற்றோர்களே, எழுதவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். அறிக்கைக்காகப் பேச்சுப் பயிற்சியை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காதீர்கள். அது வர வாரங்கள் ஆகும், பிள்ளைக்கு நாளைக் காலையே வகுப்பு இருக்கிறது.